கிரேனுக்கு ஓர் அர்ச்சனை

இந்த உலகத்தில் மூக்கை முன்னால் விட்டு ரயிலைத் தூக்கிய மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் மோப்பம் நைனா.

நான் அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தபோது, தடம் புரண்ட பெட்டிகளைத் தூக்கி வைக்கும் எங்கள் கேங்குக்கு அவர்தான் மேஸ்திரி. பெட்ரோல் டேங்கர் என்றால் முதலில் சுற்றிச் சுற்றி மோந்து பார்ப்பார். கசிவைக் கண்டுபிடிக்க ஆபீஸில் ஒரு கருவி கொடுத்தார்கள். அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

பிறகு எங்கள் பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் பிடுங்கித் தூரத்தில் வைப்பார். டேங்கரை ஒரு விரல்கடை தூக்கி, கீழே கட்டை அடுக்கி, மறுபடி ஒரு விரல்கடை. என் கல்யாணத்தில் ரசம் அண்டாவை இறக்கிய சமையல்காரர்களையும் அவர் விடவில்லை. "நிறுத்துப்பா! கட்ட வெக்காம இன்னாத்த எறக்கற?" பந்தி முழுக்க மோர் வரைக்கும் ரசம் இல்லாமலே சாப்பிட்டு எழுந்தது.

திருத்தணிக்குப் பக்கத்தில் ஒருநாள் பெட்ரோல் நிரம்பிய டேங்கர் தடம் இறங்கிச் சாய்ந்து நின்றது. அருகில் இருந்த தெருவைப் போலீஸ் காலி செய்திருந்தது. கசிவை அடைத்து, நுரை அடித்து, எல்லாம் தயார். கிரேன் டிரைவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிரேனுக்குக் கற்பூரம் காட்டாமல் அவர் வேலை தொடங்கியதே இல்லை.

"முருகன் மலைக்குக் கீழ நின்னுகினு, கற்பூரம் ஏத்தாம எப்பிடி நைனா தூக்கறது?"

"முருகன் கோச்சிக்கினா சமாதானம் பண்ணிக்கலாம்டா. பெட்ரோல் கோச்சிக்கினா?"

டிரைவர் அசையவில்லை. நைனா கற்பூரப் பொட்டலத்தை வாங்கி, அதையும் மோந்துவிட்டு, என் போனோடு என் கையில் திணித்தார்.

"மலைக்குப் போ. கிரேன் பேருக்கு அர்ச்சனை பண்ணி, கற்பூரத்த அங்கயே ஏத்திட்டு, காவலுக்கு நிக்கற போலீஸ்காரருக்குப் போன் போடு."

மூச்சு வாங்கப் படியேறினேன்.

"பேரு?" என்றார் குருக்கள்.

"கிரேன்."

"நட்சத்திரம்?"

"கிருத்திகைன்னு வெச்சிக்குங்க சாமி."

என்னை ஏற இறங்கப் பார்த்தாலும், மந்திரத்தில் கிரேனைச் சேர்த்துவிட்டார். கற்பூரம் ஏற்றிப் போன் செய்தேன். போலீஸ்காரர் தூரத்திலிருந்த நைனாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"ஆங், டிரைவர் ஒத்துக்கினான். நீ கீழ வராத. அங்கயே ஒக்காரு."

"ஆள் வேணாமா நைனா?"

"இங்க கீறவங்க போதும். ஒன் பொண்டாட்டி முழுகாம கீது. இன்னிக்குக் கற்பூரம் இல்லன்னா, வேற ஏதனா சாக்கு சொல்லி ஒன்ன அனுப்பியிருப்பேன்டா."

மேலிருந்து பார்த்தேன். எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு, தலையில் துண்டு கட்டிய ஒற்றை ஆள் மட்டும் சாய்ந்த டேங்கர் ஓரம் குனிந்து குனிந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் டேங்கர் தண்டவாளத்தில் அலுங்காமல் உட்கார்ந்தது. அந்தத் துண்டு நடந்து வெளியே வரும்வரை நான் முருகனை விடவில்லை. பெற்ற அப்பாவுக்காகக்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.