பின் இருக்கையில் செலினா

மரியாதைக்குரிய மைத்துனர் ஃபெலிக்ஸ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் அம்ப்ரோஸ், மருத்துவ விடுதிக் கட்டிலில் இடது காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே அந்தக் காலைத் தவிர அனைவரும் நலம். அங்கே தாங்களும் வீட்டம்மாவும் புதுமணத் தம்பதியும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். தங்கள் மகளின் கல்யாணத்தன்று கோவிலில் எங்கள் இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்து, "அம்ப்ரோஸ் மீன் பிடிக்கப் போயிருப்பான்" என்று தாங்கள் எல்லார் முன்னாலும் சொன்னதாகக் கேள்வி. நடந்தது வேறு.

புறப்படுகிற அன்று மோட்டார் படகின் எஞ்சின் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது. ஆற்றோடு இறங்கினால் உங்கள் ஊர்தானே என்று கொட்டகையில் கிடந்த பழைய கித்தான் படகை இறக்கினோம். துடுப்புப் படகில் பின்னால் இருப்பவர்தான் திசை பிடிக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அது என் இடம். இந்த முறை என் தோள்பட்டை வலியைக் காரணம் காட்டித் தங்கள் தங்கை செலினா, "நீங்க முன்னாடி உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். உட்கார்ந்தேன், ஆனால் வாயைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பாறை தெரிந்தால் பாறை என்றேன், தெரியாத இடத்தில் எங்காவது இருக்கும் என்றேன். வழியிலிருந்த ஏரியில் எதிர்காற்று அடித்து ரொட்டியெல்லாம் நனைந்து களியாகிவிட்டது, கொசு என் காதைத் தனியாகவும் கழுத்தைத் தனியாகவும் தின்றது, அவள் மட்டும் ஒரே சீராகத் துடுப்பு போட்டுக்கொண்டே வந்தாள்.

கிழட்டுக் கரடிச் சரிவு தங்களுக்குத் தெரியும். பாறைகளுக்கு நடுவே ஆறு தலைகுப்புறப் பாய்வதால் எல்லாரும் கரையேறி, படகைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு காட்டுப்பாதையில் நடந்துதான் கடப்பார்கள். இதையாவது நான் செய்கிறேன் என்று படகைத் தூக்கினேன். பாசி வழுக்கியது. நான் கீழே, படகு என் மேலே. உள்ளேயிருந்து, "செலினா, உயிரோடதான் இருக்கேன்" என்று குரல் கொடுத்தேன். அவள் படகைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, "கித்தான் கிழியலை" என்றாள்.

கணுக்கால் உப்பிவிட்டது, தரையில் ஊன்ற முடியவில்லை. போன் எடுக்காத இடம், ஆள் நடமாட்டம் இல்லை, இரவானால் உறைபனி. செலினா கரையோரமாகப் போய்த் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தாள்.

"படகிலயே இறங்கிடலாம்."

"உன்னால முடியாது."

"அப்ப நீங்க நடந்து வாங்க."

பாரம் குறைய வேண்டுமென்று மூஸ் மான் இறைச்சி வற்றல், சட்டி பானை, உங்கள் மகளுக்காகக் குளிர்காலம் முழுக்க அவள் தைத்த போர்வை எல்லாவற்றையும் மரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். என்னை முன்னால் உட்கார்த்தி வைத்துவிட்டுத் தள்ளினாள்.

மைத்துனரே, அதை எப்படி எழுதுவேன். வெள்ளை நுரை என் மார்புவரை ஏறியது. நான் இடது என்று கத்தினேன், வலது என்று கத்தினேன், மாதாவே என்றும் கத்தினேன். படகோ ஒரு கல்லில்கூட உரசாமல், பின்னல் போடும் விரல் மாதிரி நுழைந்து நுழைந்து இறங்கியது. அடிவாரத்தில் மீன்வலை உலர்த்திக்கொண்டிருந்த சாலமன், வாயிலிருந்த புகைக்குழாயைக் கையில் எடுத்தார்.

"பின்னாடி யாரு?"

"என் பொண்டாட்டி."

"நல்ல வேளை" என்றார்.

அவர் படகில்தான் இங்கே வந்து சேர்ந்தோம். வழியெல்லாம், "அந்தச் சரிவுல நானே இறங்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு வலி மறந்து பெருமையாக இருந்தது. தண்ணீரை இப்படிப் படிக்கத் தெரிந்தவளை இத்தனை வருஷம் முன்னால் உட்கார்த்தி வைத்து, வழி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறேனே. இனி ஆயுசுக்கும் பின் இருக்கை அவளுக்குத்தான். தங்கள் குடும்பத்துப் பெண்ணின் கண்ணும் கையும் எப்பேர்ப்பட்டவை என்பதைத் தாங்கள் அறியவே இவ்வளவும் எழுதினேன். மரத்தில் கட்டியவற்றைச் சாலமன் போய் எடுத்துவந்தார். வற்றலைக் கரடி இழுத்துப் போட்டுத் தின்றுவிட்டது. போர்வையின் மேல் படுத்திருந்து எழுந்து போயிருக்கிறது, துவைத்து அனுப்புகிறோம்.

மணமக்கள் ஒரே படகில் சண்டையில்லாமல் நெடுங்காலம் வாழட்டும். வீட்டம்மாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

தங்கள்
அம்ப்ரோஸ்

பி.கு.: மேலே உள்ளதைச் செலினாவிடம் படித்துக் காட்டினேன். கண் கலங்குவாள் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "எந்தக் கண்ணு? முதல் அலையிலயே கண்ணாடி நனைஞ்சு எனக்கு ஒண்ணுமே தெரியலை. நீங்க இடதுன்னா வலது போட்டேன், வலதுன்னா இடது போட்டேன். உங்களோட குடித்தனம் பண்ணின பழக்கம்தான்" என்கிறாள். ஆகவே, அன்று படகுக்கு வழி காட்டியது நான்தான் என்பதைக் கோவிலில் எல்லார் முன்னாலும் தெரிவிக்கவும்.