இடுப்பு அளவு: எண் அல்ல

‘எண் அல்ல’ என்று கம்ப்யூட்டர் மறுபடியும் சொன்னது.

பிஸ்கட் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர் திரையை முறைத்தார். கட்டத்துக்குள் 38 என்று பளிச்சென்று இருக்கிறது. அது எண் இல்லையாம். பின்னே என்ன, எலுமிச்சம்பழமா?

ஆய்வுக்கு அதிகாரிகள் வருவதற்குள் எல்லோருக்கும் யூனிஃபார்ம் வந்தாக வேண்டும். வராவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். “தைக்கிற கம்பெனிகிட்ட எல்லாம் பேசி முடிச்சாச்சு. அவங்க சைட்ல நம்ம ஆளுங்க விவரத்தை ஏத்திடுங்க, அவ்வளவுதான்” என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

சைட்டில் பெயர், பிரிவு, இடுப்பு அளவு என்று கேட்டார்கள். ஆட்கள் போனில் அனுப்பியதை அப்படியே எக்செல்லில் ஒட்டினார். ஒருவர் ‘36 இன்ச்’ என்று எழுதியிருந்தார். அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் ‘34-36’ என்றார். மாவு பிசைகிறவர் ‘38 (சாப்பிடறதுக்கு முன்னாடி)’ என்று நேர்மையாகவே சொல்லியிருந்தார்.

உட்கார்ந்து எழுத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தார். அப்போதும் எண் அல்ல. சைட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார்.

“நம்பருக்குப் பின்னால ஸ்பேஸ் இருக்கும் சார். கண்ணுக்குத் தெரியாது” என்றாள் ஒரு பெண்.

“கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படிம்மா அழிக்கறது?”

“தேடி மாத்தற வசதி இருக்கே சார். ஆனா நீங்க தட்டற ஸ்பேஸ் வேற, அது வேற. அந்தக் கட்டத்துல இருக்கறதையே காப்பி பண்ணித் தேடுங்க.”

“காலி இடத்துல ஜாதி வேறயா? சரிம்மா, யூனிஃபார்ம் எப்ப வரும்?”

“அது எனக்குத் தெரியாது சார். ஃபைல் ஏறுதான்னு பாக்கறது மட்டும்தான் என் வேலை.”

காப்பி செய்து தேடினார். ஸ்பேஸ் ஒழிந்தது. கை சூடுபிடித்துவிட்டது. எண்ணைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது என்று கோடு, புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் ஒரே வீச்சில் துடைத்தெடுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. ஃபைல் ஏறிவிட்டது.

“அவங்கவங்க சரிபார்க்கட்டும். நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுங்க” என்றார் மேனேஜர். ஒட்டினார்.

பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர் ஸ்டோர் கீப்பருடைய மனைவிதான். அவள் இடுப்பு 40.5. புள்ளி போனதில் 405 ஆகியிருந்தது. அடுப்புக்காரருக்கு 3436.

“என்னைச் சுத்தி வர பஸ் விடணும் போலிருக்கே சார்” என்றார், பென்சில் மாதிரி இருக்கும் அந்த மனிதர்.

மனைவி தாளைப் படித்துவிட்டு பேக்கிங் பக்கம் நடந்தாள். சாயங்காலம் வீட்டில் தட்டை அவர் முன்னால் நகர்த்தி, “நானூத்தி அஞ்சு” என்றாள். அதற்கப்புறம் பேச்சில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த வரிசை முழுவதையும் பத்தால் வகுத்து, மறுபடி போர்டில் ஒட்டினார். மனைவி 40.5-க்குத் திரும்பினாள். மற்றவர்கள் திரும்பவில்லை. மாவு பிசைகிறவருக்கு 3.8.

“சார், இது என் மணிக்கட்டுக்கே பத்தாது.”

“இருங்க, சரி பண்றேன்.”

“நீங்க சரி பண்ணப் பண்ணத்தான் சார் பயமா இருக்கு.”

அடுப்புக்காரர் வாசலில் நின்று தன் 343.6-ஐ மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் கூப்பிட்டார். “ஒரு நம்பரை எழுதத் தெரியலையாய்யா உமக்கு?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

ஸ்டோர் கீப்பருக்கு மூஞ்சி செத்துப்போயிற்று. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அடுப்படி, மாவு மெஷின், லாரி நிற்கும் இடம் என்று ஒவ்வொருவராக நிறுத்தி அளந்தார். சிலர் நெளிந்தார்கள், சிலர் வயிற்றை எக்கினார்கள். வாசல் காவலாளி, கிச்சுகிச்சு என்று பிடி கொடுக்காமல் ஓடினார்.

கடைசியில் பேக்கிங் பிரிவு. மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் அவள் ஆட்கள்.

“நாடா பக்கத்துல வரக் கூடாது. முப்பத்தாறுன்னு எழுதிக்கோங்க.”

“ஏம்மா, அப்புறம் பத்தாமப் போச்சுன்னா?”

“போர்டுல என்ன வருங்கறதுதான் எனக்கு முக்கியம்.”

முப்பத்தாறு என்று எழுதினார். எல்லாவற்றையும் தன் கையாலேயே தட்டி, ஸ்பேஸ் இருக்கிறதா என்று கட்டம் கட்டமாகத் தடவிப் பார்த்து ஏற்றினார். பச்சை விளக்கு. புதிய தாளைப் போர்டில் ஒட்டினார். மனைவி நின்று படித்துவிட்டு, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆய்வுக்கு முந்தின நாள் பார்சல் வண்டி வந்தது. பெட்டிகள் இறங்க இறங்க அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். முப்பத்தாறில் மனைவி எப்படி நுழையப்போகிறாள்? நாளைக்கு அதிகாரிகள் முன்னால் தையல் விட்டால், அவர் வீட்டுப் பக்கமே போக முடியாது.

மனைவியும் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அண்ணே, முப்பத்தாறு எந்தப் பெட்டியில இருக்கு?” என்று வண்டிக்காரரை மெல்லக் கேட்டாள்.

வண்டிக்காரர் பெட்டியைக் கிழித்தபடியே சொன்னார்: “முப்பத்தாறெல்லாம் ஏதும்மா, வந்திருக்கறது எல்லாம் ஏப்ரன்தான், பின்னால கயிறு இருக்கு, அவங்கவங்க வசதிக்கு இழுத்துக் கட்டிக்க வேண்டியதுதான்.”