மண்ணில்லாமல் வீடு வாங்கிய மரக்கடை

ஒரு வீட்டை வாங்கிவிட்டு, அதற்குள் ஒரு அம்மாள் குடியிருப்பதையும் அதற்குக் கீழே மண் இல்லை என்பதையும் ஒரே காலையில் தெரிந்துகொண்ட மனிதன் உலகத்திலேயே மரக்கடை ஒருவன்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

தொண்ணூற்றேழில் அமெரிக்காவில், சன்னிவேலில் நாங்கள் நாலு பிரம்மச்சாரிகள் ஒரே அபார்ட்மென்ட்டில் இருந்தோம். மரக்கடை எங்களில் ஒருவன். அவன் அப்பாவுக்குச் செங்கோட்டையில் மர அறுவை மில் இருந்ததால் அந்தப் பெயர். சாஃப்ட்வேர் எழுதினாலும் புத்தியெல்லாம் மரத்தில்தான். யார் சாப்பிடக் கூப்பிட்டாலும், போனவுடன் டைனிங் டேபிளை விரலால் தட்டுவான், குனிந்து மோந்து பார்ப்பான். பிறகு, "அக்கா, இது மரமே இல்ல. தூளைப் பசை போட்டு அமுக்கி வச்சிருக்கான்" என்பான். அந்த அக்கா முந்தின வாரம்தான் அதை ஆசை ஆசையாக வாங்கியிருப்பார். எங்களுக்கு எல் கமினோ ரோட்டு ஓட்டல் சாப்பாடே கதியானதற்கு இவன்தான் காரணம்.

ஒரு லாங் வீக்எண்டில் மற்றவர்களெல்லாம் லாஸ் வேகஸ் போக, இவன் எங்களை ஆறு மணி நேரம் வடக்கே இழுத்துப்போனான். ஒரு மரக் கம்பெனி காட்டுக்குள் கட்டிய ஊரைப் பார்க்கவாம். வீடுகள், பள்ளிக்கூடம், சர்ச், ஆஸ்பத்திரி, மளிகைக் கடை எல்லாமே கம்பெனி கட்டியது. எல்லா வீட்டுக்கும் ஒரே பச்சைப் பெயின்ட். மேனேஜருக்கு மேட்டில் வீடு, மரம் வெட்டுகிறவனுக்குப் பள்ளத்தில். கல்யாணமாகாதவர்களுக்கு மில்லை ஒட்டி ஒரு கொட்டகை, அறைக்கு நாலு பேர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மில்லை மூடியாகிவிட்டது. கம்பெனி வீடுகளை விற்றுக்கொண்டிருந்தது. மரக்கடை திரை போட்டிருந்த ஒரு வீட்டின் சுவரைத் தட்டினான், மோந்தான், கண் கலங்கினான். முழுக்க முழுக்க ரெட்வுட் என்கிற சிவப்பு மரம். "ஏல, இந்த மாதிரிப் பலகையை எங்கப்பா கனவுலகூடப் பாத்திருக்க மாட்டாரு" என்றான். நேரே கம்பெனி ஆபீசுக்குப் போய், ஏழு பக்கப் பத்திரத்தில் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். ஏன் இத்தனை மலிவு என்று கேட்க நாலு இன்ஜினீயர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கிரகப்பிரவேசம். நல்ல நேரம் பார்த்து, சாமி படமும் பால் பாத்திரமுமாக அவன் வலது காலைத் தூக்கியபோது கதவு உள்ளேயிருந்து திறந்தது. நைட்டியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் நின்றார். மரக்கடையின் கால் அந்தரத்திலேயே நின்றது.

அவர் பெயர் ரூத். மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிக் கம்பெனி நோட்டீஸ் கொடுத்திருக்கிறதாம். விஷயத்தைக் கேட்டதும், தாராளமாகத் தன் அடுப்பையே கொடுத்தார். ஆனால் பால் பொங்கி வழியப்போன சமயத்தில், பாவம், பையன்களுக்குச் சமையல் தெரியவில்லை என்று ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டார்.

அது போதாதென்று கம்பெனி ஆள் வந்து, வீட்டை எப்போது எடுத்துக்கொண்டு போகப்போகிறீர்கள் என்று கேட்டார். பிரித்து மரமாக எடுத்துப்போகத்தான் வீட்டை விற்றார்களாம். மண் கம்பெனியுடையது. ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறதாம். வீடு என்றால் மனையோடு சேர்த்துத்தான் என்று பிறந்ததிலிருந்து நம்பிய நாலு பேரும் அப்போதுதான் ஐந்தாம் பக்கத்தைப் புரட்டினோம்.

ரூத் மட்டும் அசரவில்லை. இந்த ஊர் எப்போதும் இப்படித்தான் என்றார். காட்டில் மரம் விழுந்து அவருடைய அப்பா இறந்தபோது, கம்பெனியில் வேலை செய்ய ஆளில்லாத குடும்பம் ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார்களாம். அம்மாவும் தங்கையும் தெருவுக்கு வரக்கூடாதென்று பதினாறு வயதில் மில் சமையற்கூடத்தில் சேர்ந்திருக்கிறார். அந்த ஒரு வீட்டுக்காக நாற்பது வருஷம் சமைத்தாராம்.

பலகைகளைப் பிரித்து விற்றுத் தலைமுழுகிவிடலாம் என்று நான் மரக்கடையிடம் சொன்னேன். அவன் என்னை முறைத்தான்.

"நமக்கு வேலை போனா விசா போகும், நாட்டை விட்டுக் கிளம்பணும். ஆனா நமக்குத் திரும்பிப் போக ஊரு இருக்குல. இந்தம்மா எங்கல போவும்?"

கம்பெனி எல்லை தாண்டி அரை மைலில் ரூத்தின் தங்கைக்கு ஒரு காலி மனை இருந்தது. அமெரிக்காவில் வீட்டை அப்படியே தூக்கி லாரியில் வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்கென்று சேர்த்ததையெல்லாம் அவன் அதில் கொட்டினான். மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஜன்னல் திரைகூடக் கழற்றாமல் அந்தப் பச்சை வீடு ரோட்டில் ஊர்ந்து போனது. ரூத் பூனையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். மரக்கடை "பாத்து, பாத்து" என்று லாரிக்காரருக்குத் தமிழில் உத்தரவு போட்டுக்கொண்டே ஓடினான்.

இறக்கி வைத்ததும் வீட்டை ரூத் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டான். ஏன் என்று கேட்ட அவரிடம், ஆளில்லாத வீட்டில் கரையான் ஏறும், அதனால் நீங்கள் இருந்தே ஆகவேண்டும் என்று ஓட்டை இங்கிலீஷில் காரணம் சொன்னான். அந்த அம்மாள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். நாங்கள் மூன்று பேரும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பூனையைப் பார்த்தோம்.

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். பைத்தியக்காரா, இனி உனக்கு எவன் பெண் கொடுப்பான் என்று வாய் ஓயாமல் திட்டினேன். பார்த்தால், பக்கத்து சீட்டில் குழந்தை மாதிரி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். ரேடியோவை அணைத்தேன். பின்னால் வந்த கார்களையெல்லாம் முன்னால் போகவிட்டு, சன்னிவேல் வரைக்கும் மெதுவாகவே ஓட்டினேன்.