இரத்மலானை மாப்பிள்ளைக்கு இருபது வீதம் கழிவு

போன மாதம் ஒரு சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். கமலா அன்ரியின்ர வெப்சைற்றில ஒரு பட்டன் போடோணும்.

அன்ரி கொட்டாஞ்சேனையில கலியாணத் தரகர். நான் வெள்ளவத்தையில வீட்டில இருந்து கடையளுக்கு வெப்சைற் செய்து குடுக்கிற ஆள்.

"தம்பி சுதன், சனம் வருது, மாப்பிள்ளையளின்ர படத்தைப் பாக்குது, போகுது. ஒருத்தரும் போன் எடுக்கினமில்லை. நெற்றில தேடிப் பாத்தாலும் நாங்கள் நாலாம் பக்கத்திலதான் கிடக்கிறம். 'உடனே கதையுங்கோ' எண்டு ஒரு பட்டன் போட்டு விடும், அது காணும்" எண்டா.

காணுமாம்! என்னட்டைச் சொல்லுற கதையே அது?

கொஞ்சம் முதல்தான் புறக்கோட்டையில ஒரு சீலைக்கடைக்கு சைற் திருத்திக் குடுத்தனான். வாற ஆள் வாங்காமல் போகேலாது, அப்பிடி ஒரு வேலை. அந்த செற்றிங்ஸ் முழுக்க அப்பிடியே தூக்கி அன்ரியின்ர சைற்றில இறக்கினன். தேடுற இடத்தில வாற தலைப்புகளையும் மாத்தினன். பட்டனைச் சோதிக்க என்ர போன் நம்பரைப் போட்டன். சேவ்!

ஒருக்காத் திறந்து பாத்திருக்கலாம். பசிச்சுது.

கீழ கடைக்குப் போய் ஒரு ரோல்ஸைக் கடிக்க, அன்ரி போன் எடுத்தா.

"தம்பி, இரத்மலானை இஞ்சினியர் பெடியன்ர படத்துக்குக் கீழ 'இன்னும் ஒன்று மட்டுமே உள்ளது, முந்துங்கள்' எண்டு கிடக்கு."

"சரிதானே அன்ரி. ஒராள்தானே இருக்கிறார்?"

"அதுக்குக் கீழ 'வேறு நிறங்களிலும் பெறலாம்' எண்டும் கிடக்கு!"

கடிச்ச ரோல்ஸை அப்பிடியே வச்சிட்டு வெளிக்கிட்டன்.

படியில ஏறி வீட்டை ஓடுறன், அடுத்த போன். ஒரு அம்மா. "தம்பி, ஏழு நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாம் எண்டு போட்டிருக்கு. கலியாண எழுத்து முடிஞ்ச நாளில இருந்து ஏழு நாளோ, தாலி கட்டின நாளில இருந்தோ?"

அவ பகிடி விடேல்லை. உண்மையாத்தான் கேட்டவ!

அப்பதான் விளங்கிச்சு, என்ர நம்பரை மாத்த மறந்திட்டன் எண்டு. அடுத்தது இஞ்சினியரின்ர தகப்பன்.

"என்ர பிள்ளைக்கு இருபது வீதம் கழிவு எண்டு போட்டிருக்கிறீர். அவனில என்ன குறை கண்டனீர்?"

"ஐயா, அது தவறுதலா..."

"பக்கத்தில நிக்கிற டொக்டர் பெடியனுக்குப் பத்து வீதம்தானே போட்டிருக்கு! ஏன் அப்பிடி?"

என்னெண்டு மறுமொழி சொல்லுறது? சீலைக்கடையில கொட்டன் சீலைக்கு இருபது, பட்டுக்குப் பத்து எண்டோ?

அவர் வைக்க, ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர குரல். நல்ல அமைதியாக் கேட்டா. "கொட்டாஞ்சேனையில இருந்து கதைக்கிறன். இரத்மலானை ஆளுக்குக் கழிவு போட்டிருக்கு. என்ன பழுது?"

"எனக்குத் தெரியாது தங்கச்சி, அவரையே கேளுங்கோ!" பயத்தில, அன்ரி தந்த விபரத்தில கிடந்த இஞ்சினியரின்ர நம்பரைக் குடுத்திட்டன்.

ஒரு வழியா எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சன். அப்பாடா எண்டு தேடிப் பாத்தன். நாலாம் பக்கத்தில இருந்த நாங்கள் முதலாம் பக்கத்தில, முதலாவதா நிக்கிறம்! 'இஞ்சினியர் மாப்பிள்ளை, இரத்மலானை. 20% கழிவு. இருப்பு உள்ளவரை மட்டும்.' சைற்றில அழிச்சாலும் அங்க அழியுதில்லை.

இவ்வளவு காலத் தொழிலில நான் ஒருத்தரையும் முதலாம் இடத்துக்குக் கொண்டு வந்ததில்லை. இதுதான் முதல் தரம்.

பின்னேரம் அன்ரி என்ர வீட்டு வாசலில வந்து நிண்டா. "வெளிக்கிடும். இரத்மலானைக்கு நேர போய் அந்தத் தகப்பனிட்டை மன்னிப்புக் கேப்பம். அந்த மனிசன் வாயைத் திறந்தா கொழும்பில ஒரு தமிழ்ச் சனமும் என்ர பக்கம் வராது."

பஸ்ஸில அவ என்னோட கதைக்கேல்லை. கொண்டக்டர் மட்டும் "இஸ்ஸரஹட யன்ட, மல்லி" எண்டு, முன்னுக்குப் போகச் சொல்லிச் சிங்களத்தில கத்தித் தள்ளினான். எனக்குப் பின்னுக்குப் போய் இறங்கி ஓடினாக் காணும் எண்டு கிடந்தது.

கதவைத் திறந்தது தகப்பன்தான். என்னை மேலயும் கீழயும் பாத்தார்.

"உவரோ ஆள்?"

"ஓம் ஐயா, நான்தான். மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"மெல்லக் கதையும்" எண்டார்.

உள்ள பாத்தா, இஞ்சினியர் காதில போனை வச்சுக்கொண்டு விறாந்தையில அங்கயும் இங்கயும் நடக்கிறார். சிரிக்கிறார். "குறட்டை விடுவன்... ஓம், பெரிசாத்தான்... சமைக்கவும் தெரியாது... இல்லை, அவ்வளவுதான் பழுது. பொறுங்கோ, இன்னொண்டு இருக்கு..."

தாய் எங்களுக்குத் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொண்டு வந்தா. "மத்தியானத்தில இருந்து அந்தப் பிள்ளையோடதான் கதைக்கிறான்" எண்டு குசுகுசுத்தா. "இதுக்கு முதல் பொம்பிளை பாக்கப் போனா வணக்கம் சொல்லிப்போட்டுச் சீலிங் ஃபானைப் பாத்துக்கொண்டு இருப்பான். சரிவருமெண்டு ஒரு இடமும் சொன்னதில்லை."

கமலா அன்ரி ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சா. கப்பை மெல்ல வச்சா. முகத்தில ஒரு அசைவும் இல்லை.

"அதுக்காகத்தான் அப்பிடிப் போட்டனாங்கள்" எண்டா.

தகப்பன் என்னைப் பாத்தார். நான் பிஸ்கற்றைப் பாத்தன்.

அந்தக் கொட்டாஞ்சேனைப் பிள்ளையோட கலியாணம் நிச்சயமாயிட்டுது. எனக்கும் குடும்பத்தோட வரச்சொல்லி வீட்டை வந்து சொன்னவை.

கலியாண வெப்சைற் செய்யிற வேலையை மட்டும் வேற ஆரிட்டையோ குடுத்திட்டினம்.