அனுமதிப் பட்டியலில் ஒன்பது பங்காளிகள்

உலகில் கணிப்பொறியிடம் வேலை வாங்கிய குடும்பங்கள் ஏராளம். கணிப்பொறிக்கே வரிசை மரியாதை கற்றுக்கொடுத்த குடும்பம், அருப்புக்கோட்டை நூல்கடை அருஞ்சுனையின் குடும்பம் ஒன்றுதான்.

அருஞ்சுனை சாமானியர் அல்லர். பரளச்சிக் கோயில் பொங்கல் நோட்டீஸில் தம் பெயர் நான்காவதாக அச்சானதற்காக, ஆறு வருடம் அந்த ஊர் பஸ்ஸில்கூட ஏறாதவர். வீட்டுக்கு மிக்ஸி வந்தாலும் முதல் சுவிட்சை அவர்தான் போடுவார்.

மருமகள் ரோஷினிக்கு அன்று காலை பதினோரு மணிக்குப் பரீட்சை. வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்காக ஒரு பெங்களூர் கம்பெனி வைத்தது. மூன்று வருடமாக இதற்கென்றே படித்தவள். வீட்டு லினக்ஸ் கணிப்பொறியில் பைத்தான் என்ற மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்ற வேண்டும். பரீட்சையைக் கண்காணிக்கும் பிளகின் ஒன்றை பிரவுசரில் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் இயந்திரத்தின் அனுமதி வேண்டும். பத்து நிமிட வேலை. மணி பத்து.

"மொதக் கட்டளைய நான்தான் போடுவேன்," என்று அருஞ்சுனை நாற்காலியில் அமர்ந்தார்.

"என் கணக்குல உக்காருங்க மாமா."

"என் வீட்டுல நான் எதுக்கு அடுத்தவுக கணக்குல உக்காரணும்?"

நியாயம்தானே. அவர் பெயரிலேயே இருந்த கணக்கைத் திறந்து, ரோஷினி எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவர் ஒற்றை விரலால் அடித்தார். இயந்திரம் ஆங்கிலத்தில் பதில் சொன்னது.

"என்னத்தா சொல்லுது?"

"உங்க பேரு அனுமதி லிஸ்ட்ல இல்லையாம் மாமா. இந்தச் சம்பவம் புகார் செய்யப்படுமாம்."

"புகாரா? நம்ம வம்சத்துல எவனும் ஸ்டேஷன் வாசலை மிதிச்சதில்ல! யாருகிட்ட புகாரு?"

"நிர்வாகிகிட்ட."

"எவன் அவன்?"

ரோஷினி தயங்கினாள். "நான்தான் மாமா."

மாமியார் கோகிலாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "அப்ப, இவுகளப் பத்தின பிராது மருமககிட்டத்தான் வருமாக்கும்?" என்று கேட்டார். விவரம் அறியத்தான் கேட்டார். சிரித்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

கடையிலிருந்து மகன் கோகுல் வரவழைக்கப்பட்டு 'அவசரக் கூட்டம்' தொடங்கியது.

"உங்க பேரைப் பரீட்சை முடியவும் சேத்துக்கலாம் மாமா. மணி பத்தேகால் ஆச்சு."

"மரியாதைய வரிசையில நிக்கச் சொல்றியா?"

ரோஷினி தன் கணக்கில் நுழைந்து பட்டியலைத் திறந்தாள். அவள் பெயர் மட்டும் இருந்தது. கீழே மாமனார் பெயரைச் சேர்த்தாள். சின்னக் குடும்பமாக இருந்தால் விவகாரம் இத்துடன் முடிந்திருக்கும்.

"ஏலே கோகுலு, சௌந்தரபாண்டியன் அண்ணன் இருக்கையில என் பேரு மட்டும் வரலாமா?"

அண்ணன் இருந்த எம்.ரெட்டியபட்டிக்குப் போன் போனது.

"அது என்ன லிஸ்ட்டு தம்பி?"

"தெரியலண்ணே. முக்கியமான லிஸ்ட்டு."

"அப்ப என் பேரை மொதல்ல போடு."

அண்ணனைப் போட்டால் சித்தப்பாவை விடலாமா? ஒன்பது பங்காளிகள் வயது வரிசைப்படி ஏறினார்கள். கோகுல் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'உயர்திரு', பின்னால் ஊர்ப் பெயர் என்று சிரத்தையாக அடித்தான்.

ரோஷினி பதறினாள். "அப்படியெல்லாம் போடக் கூடாதுங்க! ஒரு எழுத்து தப்பினாலும் மொத்த லிஸ்ட்டும் செல்லாது."

"மொட்டையாப் போட அவுக என்ன சின்னப் பிள்ளைகளா?" என்றார் அருஞ்சுனை. "ஆமா, பங்காளிக பேருக்கு மேல மருமக பேரு நிக்குதே. எந்தப் பத்திரிகையிலடா இப்படி அடிப்பாக?"

கோகுல் அதை அழித்தான். கடைசி வரியில் 'மற்றும் குடும்பத்தார்' என்று அடித்துச் சேமித்து மூடினான். "நீயும் அதுக்குள்ள வந்துர்ற," என்று மனைவிக்கு ஆறுதலும் சொன்னான்.

மணி பத்து ஐம்பது. ரோஷினி நிறுவும் கட்டளையை அடித்தாள். மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவையும் அடித்தாள்.

"லிஸ்ட்டு புரியலையாம் மாமா. யாருக்குமே அனுமதி இல்லையாம், லிஸ்ட்டைத் திருத்தக்கூட."

பதினோரு மணிக்குப் பரீட்சைப் பக்கம் பிளகின்னைக் கேட்டது. ஐந்து நிமிடம் பொறுத்தது. பிறகு, 'உங்கள் வாய்ப்பு முடிந்தது' என்று மூடிக்கொண்டது.

அருஞ்சுனை நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருக்குமே இல்லையா? சௌந்தரபாண்டியன் அண்ணனுக்கும்?"

"அவுகளுக்கும் இல்ல."

"அப்பச் சரி," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பதவியில் மேல் கீழ் இல்லை. புகார் போவதற்கு நிர்வாகியும் இல்லை. பரீட்சையைப் பறிகொடுத்த ஒருத்தியைத் தவிர, அன்று அந்த வீட்டில் யாருக்கும் எந்த நஷ்டமும் ஏற்படவில்லை. அவள் பெயர்தான் பட்டியலிலேயே இல்லையே.