மகேஸ்வரனுக்கு எத்தனை சிசி?

“எத்தனை சிசி, அங்கிள்?”

விற்பனைப் பெண் ஷர்மினி இதைக் கேட்பது மூன்றாவது தடவை. ஜொகூரில், தம்போயில் இருக்கும் அந்த மோட்டார் சைக்கிள் கடையின் முன்பதிவுப் படிவத்தில் பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாம் நிரம்பிவிட்டன. ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. நாற்பத்தாறு வயதில் முதல் மோட்டார் வாங்க வந்திருந்த மகேஸ்வரன், பதில் அங்கே எழுதியிருக்கிறது என்பது போலக் கூரையில் ஓடிய விசிறியைப் பார்த்தார்.

“சின்னதா, சாதுவா ஒண்ணு குடும்மா. ஓடினா போதும்.”

“அப்போ நூத்திப் பத்து போட்டுடறேன். இந்த மாதிரி சின்ன கப்சாய் வண்டிதான் புது லைசென்சுக்கு ஈசி.”

“போடும்மா.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மகேஸ்வரனுக்குப் பதினொரு வருஷம் பிடித்திருந்தது.

பதினொரு வருஷமாக அவர் வேலைக்குப் போய் வருவது மச்சான் கனகராஜின் மோட்டாரில், பின்னால் உட்கார்ந்துதான். கனகராஜ், மகேஸ்வரனின் மனைவி பிரேமலாவின் அண்ணன். இருவருக்கும் தம்போயில் ஒரே பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. இருவர் வீடும் பெர்மாஸ் ஜெயாவில் அடுத்தடுத்த தெருவில். “ஒரே எடத்துக்கு எதுக்கு மாப்ள ரெண்டு வண்டி?” என்று முதல் நாளே கனகராஜ் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பெருந்தன்மையை மகேஸ்வரன் மடியில் சுமந்தார். முப்பது முட்டை கொண்ட அட்டை, மீன் தொட்டி, ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் முழு காஸ் சிலிண்டர் என்று கனகராஜ் வழியில் எதை வாங்கினாலும் பிடித்துக்கொள்வது அவர் பொறுப்பு. கனகராஜுக்குப் பசித்தால் இவரும் ரொட்டி சானாய் சாப்பிட வேண்டும். கனகராஜுக்கு ஓவர்டைம் என்றால் இவர் வாசல் காவலாளியின் கார்டு போஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து கொசுவுக்கு இரத்ததானம் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய், சட்டையைக் கழற்றிவிட்டுக் காற்றாட உட்கார வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அதற்காகத்தான் இரண்டு தடவை தேர்வில் தவறியும் விடாமல் போய் லைசென்ஸ் வாங்கினார்.

திங்கட்கிழமை காலை, சிவப்பு விளக்கில் மோட்டார் நின்றபோது, மகேஸ்வரன் தைரியத்தைத் திரட்டிக்கொண்டார்.

“மச்சான், நான் ஒரு மோட்டார் புக் பண்ணியிருக்கேன்.”

கனகராஜ் மெல்லத் திரும்பினார். வெடிப்பார் என்று நினைத்து மகேஸ்வரன் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். ஆனால் மச்சான் முகத்தில் கோபமே இல்லை.

“எத்தனை சிசி, மாப்ள?”

“நூத்திப் பத்து.”

“அலமாக்! பெர்மாஸ் பாலத்துல காத்தடிச்சா மோட்டார் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் போயிடுவீங்க லா.”

“உங்களோடதும் நூத்திப் பத்துதானே, மச்சான்?”

“அதனாலதான் சொல்றேன். ரெண்டு ஆளை வச்சு ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் பெருசா எடுங்க.”

மத்தியான உணவு வேளையில் மகேஸ்வரன் கடைக்குப் போன் போட்டு நூற்றிருபத்தைந்தாக மாற்றினார். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி சாயங்காலம் பிரேமலா காதில் விஷயம் விழும் வரைதான் நீடித்தது.

பிரேமலா எண் கணிதம் பார்ப்பவள். வீட்டு எண், போன் எண், மின்சாரக் கட்டண ரசீது எண் வரை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவாள்.

“ஒண்ணு, ரெண்டு, அஞ்சு. கூட்டுங்க.”

“எட்டு.”

“சனி! ஆறாம் தேதி பொறந்த மனுசன் சனி மேல ஏறி உக்காந்து வேலைக்குப் போவீங்களா?”

“எஞ்சினுக்கெல்லாமாடி எண் பாப்பாங்க?”

“பாக்காததாலதான் அத்தனை பேரு ரோட்டுல விழறாங்க.”

இப்படிப்பட்ட வாதத்தோடு மோதி ஜெயித்த கணவன் ஜொகூர் மாநிலத்திலேயே கிடையாது. நூற்றிருபத்தைந்து ரத்தானது.

மறுநாள் கனகராஜ் தீர்வு சொன்னார். “லைசென்ஸ் இருநூத்தம்பது வரைக்கும் எடம் கொடுக்குதில்ல? அப்புறம் எதுக்கு யோசனை? நானே சனிக்கிழமை கூட வர்றேன்.”

சொன்னபடி வந்தார். கடையில் இருந்ததிலேயே உயரமான இருநூற்றைம்பதைத் தேர்ந்தெடுத்து, மகேஸ்வரனை அதன் மேல் ஏற்றினார். மகேஸ்வரனின் கால் கட்டைவிரல்கள் மட்டும் தரையைத் தேடிக்கொண்டிருந்தன.

“கால் எட்டலையே, அங்கிள்,” என்றாள் ஷர்மினி.

“பாரம் இருந்தா வண்டி படியும் லா,” என்று சொல்லிக்கொண்டே கனகராஜ் பின்னால் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்து, இரண்டு முறை குதித்தும் பார்த்தார்.

வண்டி படிந்தது. முழுசாகவே படிந்தது. இரண்டு பேரும் வண்டியோடு சேர்ந்து பக்கத்திலிருந்த ஸ்கூட்டர் மேல் சாய, அதன் கண்ணாடி உடைந்து கடை முதலாளி தவுக்கேயின் மேசைக்கடியில் போய் விழுந்தது. தவுக்கே கீழே குனிந்து கண்ணாடியைப் பார்த்தார், பிறகு இவர்களைப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மீ நூடுல்ஸை மூடி வைத்துவிட்டார்.

வீட்டில் கணவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி பிரேமலா கூட்டிப் பார்த்தாள். “ரெண்டும் அஞ்சும் ஏழு. கேது. ஞானம் வரும். வீட்டுக்கு வருவீங்களானு தெரியாது.”

கடைசியில் நூற்றைம்பதில் எல்லோரும் சமாதானமானார்கள். கால் தரையில் ஊன்றியது. கூட்டினால் ஆறு வந்தது. “ரெண்டு பேரை நல்லா இழுக்கும்,” என்று கனகராஜும் தலையாட்டினார். அடித்து அடித்து எழுதியதில் பழைய படிவத்தில் ஓட்டையே விழுந்திருந்ததால், ஷர்மினி புதுப் படிவம் எடுத்தாள்.

“இதுதானே கடைசி, அங்கிள்?”

“சத்தியமாம்மா.”

வியாழக்கிழமை வண்டியின் பதிவு அட்டையைப் படமெடுத்து ஷர்மினி அனுப்பினாள். மகேஸ்வரன் பெருமையாக அதை மனைவியிடம் காட்டினார். பிரேமலா கணவர் பெயரையோ வீட்டு முகவரியையோ பார்க்கவில்லை. அவள் கண் நேராக எஞ்சின் அளவில் போய் நின்றது.

“நூத்தி நாப்பத்தொன்பதுனு போட்டிருக்கு.”

“அது... கடையில நூத்தம்பதுனுதான் சொல்லுவாங்க. உள்ள ஒரு சிசி கம்மி.”

“ஒண்ணு, நாலு, ஒன்பது. பதினாலு. அஞ்சு!” அவள் போனைச் சோபாவில் வைத்தாள். “ஆறுனு ஆசை காட்டி அஞ்சைத் தலையில கட்டிட்டாங்க. இதுக்குக் கோயில்ல பூஜை போட மாட்டேன். பூஜை போடாத வண்டி இந்த வீட்டு கேட்டுக்குள்ள வராது.”

மகேஸ்வரன் வெளியே போய், பூந்தொட்டிக்குப் பின்னால் நின்று ஷர்மினிக்குப் போன் போட்டார்.

“ஏம்மா, அந்த ஒரு சிசியை மட்டும் கூட்டி எழுதித் தர முடியுமா?”

“அங்கிள், அது கவர்மெண்டு அட்டை. அதுல கை வச்சா உங்களுக்கு மோட்டார் தேவைப்படாது. போலீஸே வந்து கூட்டிட்டுப் போவாங்க.”

வெள்ளிக்கிழமை காலை மகேஸ்வரன் மறுபடியும் கனகராஜின் பின்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தர்பூசணி இருந்தது. பாலத்தில் காற்று முகத்தில் அறைய, இன்னும் பதினொரு வருஷத்துக்கான தர்பூசணிகள் அவர் கண் முன்னே வரிசை கட்டின.

“விட்டுடறேன், மச்சான்,” என்றார். “கடையில கேன்சல் பண்ணிடறேன். எப்பவும் போல உங்க பின்னாடியே வந்துடறேன்.”

கனகராஜ் போட்ட பிரேக்கில் தர்பூசணி அவர் முதுகில் மோதியது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவர் திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

“அதெல்லாம் கூடாது! நீங்க மோட்டார் எடுத்தே ஆகணும். தங்கச்சிகிட்ட நான் பேசறேன்.”

அன்று சாயங்காலமே நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றார். தங்கை எண்களைக் கூட்டும்போதெல்லாம் கிண்டல் பண்ணிச் சிரித்த அதே மனுஷன், சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் ஐந்தின் மகிமையைப் பேசினார்.

“அஞ்சுங்கிறது யாரு? புதன்! போறது வர்றது எல்லாம் அவரு டிபார்ட்மெண்ட். ஏரோப்ளேன்ல ஆரம்பிச்சு கப்சாய் வரைக்கும் அவரு பொறுப்புதான். உன் வீட்டுக்காரருக்கு அஞ்சு கெடைச்சது உன் அதிர்ஷ்டம்மா.”

“நெஜமாவாண்ணே?”

“நானே போன்ல மூணு வீடியோ பாத்துட்டேன்.”

அண்ணன் வீடியோ பார்த்துவிட்டான் என்றதும் பிரேமலா இறங்கி வந்தாள். மறுநாள் சாயங்காலம் கோயிலில் பூஜை என்று முடிவானது.

மகேஸ்வரனுக்கு வெட்கமாக இருந்தது. பதினொரு வருஷம் இந்த மனுஷன் முதுகைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் எத்தனை திட்டு திட்டியிருப்பார்! இன்றைக்கு அவருடைய விடுதலைக்காக வாதாடியதே அந்த முதுகுக்காரர்தான். வாசல் வரை வழியனுப்பப் போனவர், ஒரு மாதமாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கினார்.

“மச்சான், திங்கக்கிழமையிலேர்ந்து நான்... நானே ஓட்டிட்டுப் போயிடறேன். இத்தனை வருஷம் நீங்க பண்ணினதை மறக்கவே மாட்டேன்.”

கண் கலங்கிவிட்டது.

கனகராஜுக்கும் கண் கலங்கியது. மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா, மாப்ள? இந்த நாளுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்.”

சனிக்கிழமை காலை பளபளவென்ற நீல நிற மோட்டாரைக் கடை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். தவுக்கே ஸ்கூட்டர்களை எல்லாம் முன்னெச்சரிக்கையாகக் கடைக்குள்ளே தள்ளி வைத்திருந்தார். ஷர்மினி கொடுத்த சாவியை மகேஸ்வரன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏறி உட்கார்ந்தார். இரண்டு காலும் தரையில் பதிந்தன. முன்னால் யார் முதுகும் இல்லை. மடியில் எதுவும் இல்லை. சாலை மொத்தமும் தெரிந்தது. இனி நினைத்த நேரத்தில் கிளம்பலாம், நேரே வீட்டுக்குப் போகலாம், சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம்.

சந்தோஷத்தில் வண்டியை முழுக்கத் தடவிப் பார்த்தவரின் கை பின்பக்கம் போனபோது நின்றது. அங்கே தடிமனாக, மெத்தென்று, சாய்ந்துகொள்ள முதுகுப் பட்டையோடு ஒரு சீட்டு இருந்தது.

“ஏம்மா, பின்சீட்டு மட்டும் சோபா மாதிரி இருக்கே? நான் இப்படிக் கேக்கலையே?”

“கனகராஜ் அங்கிள்தான் நேத்து வந்து மாத்தச் சொன்னாரு,” என்றாள் ஷர்மினி. “அவரு மோட்டாரையும் எங்ககிட்டயே வித்துட்டாரு, அங்கிள். திங்கக்கிழமையிலேர்ந்து காலைல ஆறரைக்கெல்லாம் உங்களை அவரு வீட்டு கேட்டுல வந்து நிக்கச் சொன்னாரு!”