கட்டத்துக்கு ஒரு மல்லாட்டை

சவுரிராயன் பிடில் வில்லைத் தாழ்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, தலையை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நின்னு போச்சாங்க?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் அவர் மனைவி லூர்துமேரி.

"நிக்கல. நடந்துக்கினு இருக்குது."

"சத்தமே வரலியே?"

"சத்தம் வர்ற எடத்துல யார் வேணா வாசிப்பான். வராத எடத்துல வாசிக்கறதுதான் வித்தை. பேசாத இரு, எண்ணிக்கை தப்பிப் போவும்."

அதற்குள் தப்பிப் போய்விட்டது. இருபத்தொன்பது தாளக் கட்டம் மௌனம் என்று சங்கீதப் புத்தகத்தில் போட்டிருந்தது. இருபத்தாறா இருபத்தேழா என்று தெரியாமல் உத்தேசமாக வில்லைப் போட்டார். 'ட்டும், ட்டும், ட்டும்' என்று ஒரே சுரம் பதின்மூன்று தடவை. பிறகு மறுபடியும் மௌனம்.

"இதுக்கா கேப்பைக் கூழ ஆறப் போட்டுட்டு நிக்கறீங்க?" என்றாள் லூர்துமேரி.

சவுரிராயனுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பிடில். உத்தியோகம் வயிற்றுக்கு, பிடில் உயிருக்கு. ஆனால் அந்தப் பிடில் அவருடையதல்ல, கோயிலுடையது. இருபது வருஷமாக அவர் வீட்டு ஆணியில் தொங்குவதால் அவரே அதை அடிக்கடி மறந்துவிடுவார்.

1937-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில், கேட்பாரற்றுக் கிடந்த சரக்குகளைப் பார்சல் ஆபீசில் ஏலம் விட்டார்கள். புதுச்சேரியிலிருந்து எங்கேயோ போக வேண்டிய ஒரு பிரெஞ்சுக்காரருடைய டிரங்குப் பெட்டியும் அதில் ஒன்று. துணிமணியை ஒருவர் எடுத்தார். காகிதக் கட்டைத் திண்டிவனத்துப் பழைய பேப்பர்காரர் எடை போட்டு எடுத்தார். கட்டிலிருந்து நழுவி விழுந்த ஒரு சங்கீதப் புத்தகத்தைச் சவுரிராயன் எடுத்துக்கொண்டார். மேலட்டை கிழிந்து போயிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'எமில் கோர்வான்' என்று பெயர் மட்டும் இருந்தது.

பின்னட்டையிலே பிரெஞ்சில் நாலு வரி. பங்குச் சாமியாருக்குப் பிரெஞ்சு தெரியும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்துச் சொன்னார்.

"இவர் ஏதோ ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்திலே பாட்டு வாத்தியாராம். பெரிய கச்சேரிக்கெல்லாம் எழுதவில்லையாம். சின்ன அறையிலே, நண்பர்களுக்காக எழுதினாராம். உயிரோடு இருந்தபோது ஒருத்தரும் கேட்கவில்லை. செத்து நாற்பது வருஷம் ஆகிறது, இன்னமும் கேட்கவில்லை என்று போட்டிருக்கிறது."

சவுரிராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பதில் பார்சல் ஆபீஸ் என்று மாற்றினால், கதை அவருடையதுதான்.

"நாம கேப்போம் சாமி. சவேரியார் திருநாளுக்கு நான் வாசிக்கறேன்" என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

திருநாளுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் வெள்ளோட்டம் விட்டார். முதல் ட்டும் ட்டும் முடிந்தது. மௌனம் வந்தது. பாட்டு முடிந்ததென்று ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடினார்கள். உபதேசியார் செபஸ்தியான் நல்ல மனிதர், சும்மா நிற்பானேன் என்று மரித்தவர்களுக்கான ஜெபத்தை ஆரம்பித்தார். ஜெபத்தின் நடுவில், மரித்தவரே பதில் சொன்னது போல, 'ட்டும்!' என்றது பிடில். முன்வரிசையில் ஒரு அம்மாள் அலறிவிட்டாள்.

அடுத்த வாரம் அதற்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்தார் சவுரிராயன். "இன்னும் முடியலன்னு ஜனங்களுக்குத் தெரியணும். நான் நிறுத்தறப்போ நீங்க கைய ஒசத்திக்கினு நில்லுங்க" என்று உபதேசியாரிடம் சொன்னார். அவரும் உயர்த்தினார். கோயிலுக்குள் கையை உயர்த்தினால் ஆசீர்வாதம் அல்லவா? அத்தனை பேரும் தடாலென்று முழந்தாளில் நின்றார்கள். இருபத்தொன்பது கட்டமும் நின்றார்கள். முழங்கால் வலியில் கிழவர்கள் முனக, குழந்தைகள் வீறிட, சவுரிராயன் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டு எங்கோ ஒரு இடத்தில் ட்டும் என்றார்.

திருநாள் ஊர்வலத்துக்குப் பேச வந்திருந்த திண்டிவனம் பாண்டு வாத்தியார் கோதண்டபாணி வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா சவுரி, உன் துரை மௌன விரதம் இருக்கறப்போ எழுதினாரா? நம்ம பாண்டுலயும் இத வாசிக்கலாம்பா. வாயும் வலிக்காது, தாள் மட்டும் திருப்பினா போதும்!"

பங்குச் சாமியார் சிரிக்கவில்லை.

"சவுரி, திண்டிவனம் கோயில்லே பிடில் இல்லையென்று ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். திருநாளன்றைக்கும் இப்படி ஆச்சுதோ, பிடிலை அங்கே அனுப்பிவிடுவேன். உனக்கு மௌனம்தான் பிடிக்கிறது. அதற்குப் பிடில் எதற்கு?"

சவுரிராயன் வீட்டுக்கு வந்து ஆணியைப் பார்த்தார். பிடில் இல்லாமல் அந்த ஆணியை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"வேற பாட்டு வாசிச்சுத் தொலைங்களேன். ஒங்களோட பேஜாராப் போச்சு" என்றாள் லூர்துமேரி.

"மாட்டேன். நாப்பது வருஷமா யாரும் கேக்காத மனுசன். நானும் வுட்டுட்டா அப்புறம் யார் இருக்கறாங்க அவருக்கு?"

அவள் உள்ளே போய் ஒரு முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். திண்டிவனத்தில் தங்கை வீட்டுக்குப் போய் வந்தபோது ஸ்டேஷன் எதிரில் வாங்கிய வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் மடியில் இருந்தது; அந்தப் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர்.

"எண்ணறதுதான ஒங்களுக்குத் தகராறு? கட்டத்துக்கு ஒரு மல்லாட்டை முறத்துல போடறேன். இருபத்தொம்பது ஆனதும் ஒங்க கால மிதிக்கறேன். வாசிங்க."

அருமையான யோசனை. வாசித்தார், நிறுத்தினார். டொக், டொக் என்று மல்லாட்டை விழுந்தது. பதினேழோடு நின்றுவிட்டது.

"இன்னா ஆச்சு?"

"தீந்து போச்சு. நீங்க வாசிக்கறப்போ கொஞ்சம் தின்னுட்டேன்" என்று பொட்டலத்தைப் பிரித்து உதறினாள். "ஏங்க, இது இன்னா? ஒங்க புஸ்தகத்துல இருக்கற மாதிரியே கோடு!"

சவுரிராயன் வாங்கிப் பார்த்தார். எண்ணெய்க் கறைக்கு மேலே 'எமில் கோர்வான்' என்று இருந்தது. அதே பகுதி. அதே கட்டங்கள். ஆனால் அவர் புத்தகத்தில் எங்கே இருபத்தொன்பது கட்டம் வெள்ளையாக இருந்ததோ, அங்கே இந்தத் தாளில் சுரங்கள் இருந்தன!

தாளைச் சுவரில் சாய்த்து வைத்து அதை வாசித்தார். நாலு கட்டம்தான் வாசித்திருப்பார். வெயிலில் விக்கிரவாண்டியிலிருந்து நடந்து வந்தவன் கையில் யாரோ நீராகாரச் சொம்பைக் கொடுத்தது போல இருந்தது.

"மேரி, இது தனியா வாசிக்கற பாட்டு இல்ல! கூட்டாளிங்களோட வாசிக்கறது. நண்பர்களுக்காகன்னு சாமி படிச்சாரே, அவங்க கேக்கறவங்க இல்ல, வாசிக்கறவங்க! நான் நிறுத்தறது மௌனமே இல்ல. அடுத்தவன் பேசறப்போ கேட்டுக்கினு இருக்கறது!"

"அப்போ இத்தினி நாளா கூட்டாளி இல்லாம தனியா தலையாட்டிக்கினு இருந்தீங்களா?" என்றாள் அவள்.

அடுத்த பாசஞ்சரில் சவுரிராயன் திண்டிவனத்தில் இறங்கினார். ஸ்டேஷன் எதிரில் மல்லாட்டைக் கடை தாண்டவராயன் அப்போதுதான் ஒரு தாளைக் கிழித்துக் கூம்பாகச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"கிழிக்காதப்பா! கிழிக்காத!"

"யோவ், இன்னா? எங்கூட்டுக் காயிதம்."

சவுரிராயன் தம் புத்தகத்தைப் பிரித்து மௌனம் நிறைந்த பக்கத்தைக் காட்டினார். "இதோ, இந்த மாதிரி வெள்ளையும் கோடுமா இருக்கறது எல்லாத்தயும் எடு. எனக்கு வேணும்."

தாண்டவராயன் காகித அடுக்கைக் கிளறினான். "இந்த மாதிரி இருக்கறது மூணு புஸ்தகங்க. ஒண்ணுலதான் ஏழு தாள் கிழிச்சேன்."

ஏழில் ஒன்று வீட்டில் இருந்தது. ஐந்து, அவன் கையிலிருந்ததோடு சேர்த்துக் கடைத் தட்டில் பொட்டலமாக நின்றன, மல்லாட்டையோடு வாங்கினார். ஏழாவதைச் சற்றுமுன்தான் ஒரு அம்மாள் வாங்கிக்கொண்டு பட்டணம் போகும் வண்டியில் ஏறியிருக்கிறாள். சவுரிராயன் பிளாட்பாரத்தில் ஓடினார்.

"அம்மா! மல்லாட்டைய நீங்க வெச்சிக்கங்க, காயிதத்த மட்டும் குடுங்க!"

அந்த அம்மாள் மல்லாட்டையை மடியில் கொட்டிக்கொண்டு தாளை ஜன்னல் வழியாக நீட்டினாள். "பாவம், நல்ல குடும்பத்து ஆளாட்டம் கீறாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் அவள் சொன்னது சவுரிராயன் காதிலும் விழுந்தது. அவர் வருத்தப்படவில்லை.

விழுப்புரம் வண்டி ஊதியது. புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். தாண்டவராயன் பின்னாலிருந்து என்னவோ கூப்பிட்டான். மீதிச் சில்லறைக்காக இருக்கும், திருநாளுக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று திரும்பாமல் ஏறிவிட்டார்.

லூர்துமேரி தாள்களை இஸ்திரி போட்டு, சோற்றுப் பசையால் ஒட்டினாள். ஆக நாலு புத்தகம், நாலு பேர். சவுரிராயன் பிடில். உபதேசியார் ஆர்மோனியம். மற்ற இருவர்? வெட்கத்தை விட்டுக் கோதண்டபாணிக்கே சொல்லி அனுப்பினார்.

கோதண்டபாணி கேலி செய்யத்தான் வந்தார். கிளாரினெட்டும், கூடவே பெரிய பித்தளைக் குழல் ஊதும் பெரியசாமியும். ராத்திரி டியூட்டி பார்த்தவர்கள் தூங்கும் பார்சல் ஆபீஸ் பின்னறையில், மூட்டைகளுக்கு நடுவில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அறை சின்னது. பெரியசாமியின் முழங்கை உபதேசியாரின் விலாவில் இடித்தது.

ஒரு பக்கம் வாசித்ததும் கோதண்டபாணி கிளாரினெட்டைக் கீழே வைத்தார்.

"சவுரி, நம்ம பாண்டுல எல்லாரும் ஒரே பாட்ட ஒரே நேரத்துல கத்துவோம். இங்க ஒருத்தன் வுட்ட எடத்துல இன்னொருத்தன் வந்து தாங்கிக்கறான்பா. யாரும் யாரையும் மிதிக்கல. இத எழுதின மனுசன் பெரிய ஆளு."

"அதத்தான நான் மொதல்லேர்ந்து சொல்லிக்கினு இருக்கறேன்?"

மூன்றாம் பகுதியில்தான் ஒரு சந்தேகம் வந்தது. முப்பது கட்டம், நாலு பேரும் அடங்கிய குரலில் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஒருவரும் முன்னால் வரவில்லை.

"இங்க மட்டும் இன்னாமோ கொறயற மாதிரி இல்ல?" என்றார் கோதண்டபாணி.

சவுரிராயன் கண்ணை மூடி யோசித்தார். கண்ணைத் திறந்தபோது அது பளபளத்தது.

"கொறயல அண்ணே. காத்துக்கினு இருக்கறாங்க. தன் பாட்டக் கேக்க யாராவது வர மாட்டாங்களான்னு கோர்வான் துரை ஆயுசு பூரா காத்துக்கினு இருந்தாரு இல்ல? அதத்தான் எழுதியிருக்கறாரு."

பெரியசாமி மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சவேரியார் திருநாள் சாயங்காலம் கோயில் நிறைந்திருந்தது. கோலியனூர், முண்டியம்பாக்கம் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வாசலில் தாண்டவராயன்கூட மல்லாட்டைத் தட்டோடு கடை போட்டிருந்தான்.

நாலு பேரும் வாசித்தார்கள். இந்தத் தடவை ஒருவரும் செருப்பைத் தேடவில்லை. யாரும் முழந்தாளில் விழவில்லை. முதல் பகுதியில் கைக்குழந்தைகள் அடங்கின. இரண்டாவதில் கிழவர்கள் முன்னால் சாய்ந்தார்கள். மூன்றாவதில் அந்தக் காத்திருக்கும் இடம் வந்தபோது, கோயில் முழுவதுமே யாருக்காகவோ வாசலைப் பார்ப்பது போல இருந்தது.

முடிந்ததும் பங்குச் சாமியார் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றுமில்லை.

"நாற்பது வருஷமாக உலகத்திலே ஒருத்தரும் கேட்காத பாட்டை விழுப்புரம் கேட்டுவிட்டது. எத்தனையோ பாட்டு கேட்டிருக்கிறேன். இப்படிக் காத்திருக்கிற பாட்டைக் கேட்டதில்லை. ஒரு சுரம் கூட்டவும் முடியாது, ஒரு சுரம் குறைக்கவும் முடியாது, அவ்வளவு நிறைவு! சவுரி, பிடில் உன் வீட்டு ஆணிக்குத்தான். நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் அதை யாரும் உன்னிடம் திருப்பிக் கேட்க மாட்டார்கள்."

லூர்துமேரி பெண்கள் பக்கத்தில் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். கோதண்டபாணி எல்லோர் முன்னிலையிலும் சவுரிராயனைக் கட்டிக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாண்டவராயன் வந்தான். கையில் ஒரு தடித்த புத்தகம்.

"அன்னிக்குக் கூப்பிடக் கூப்பிட ஓடிட்டீங்களே. இதுவும் அந்தக் கட்டுல வந்ததுதாங்க. நீங்க வெள்ளையா இருக்கறதத்தான கேட்டீங்க, அதனால தேடறப்போ எடுக்கல."

பக்கத்தின் தலையில் 'எமில் கோர்வான்' என்று இருந்தது. கோதண்டபாணி மூன்றாம் பகுதியைப் புரட்டினார். நாலு பேரும் காத்திருந்த அந்த முப்பது கட்டத்திலும் எறும்பு மொய்த்தது போலச் சுரங்கள். ஊசி குத்த வெள்ளை இல்லை.

சாமியார் சவுரிராயனைப் பார்த்தார். சவுரிராயன் பிடிலைப் பார்த்தார்.

தாண்டவராயன் மட்டும் சந்தோஷமாகச் சொன்னான்: "மத்ததுல எல்லாம் ஒண்ணுமே இல்லியேன்னுதாங்க மல்லாட்டை கட்ட எடுத்து வெச்சேன்; பாட்டு பூரா இதுலதான இருக்குது?"